திரைக்கு அடியில் ஓடிய பேச்சு

ஃபோர்மேனுக்குக் காது போனது ஒரே நாளில் அல்ல. ஆணி தயாரிக்கும் இயந்திரங்களுக்கு நடுவிலேயே காலத்தைத் தள்ளியவர். அவருக்கு முன்னதாக அவர் காது ஓய்வு பெற்றுவிட்டது. காதுக்கருவி வாங்கிக் கொடுத்தார்கள். அது விசிலடித்தது. தொழிற்சாலையில் தன்னைத் தவிர வேறு யாரையும் விசிலடிக்க விட்டதில்லை என்று சொல்லி அதை அலமாரிக்குள் போட்டுவிட்டார்.

வீட்டில் அவருக்கு ஒரு சந்தேகம். மனைவியும் மகனும் கூடத்தில் பேசும்போது இடையிடையே அவர் பக்கம் பார்ப்பார்கள். வாய் அசையும். தன் தலையைத்தான் உருட்டுகிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தார்.

வெளியூரில் இருக்கும் மகள் வாரம் ஒருமுறை கணினியில் முகம் பார்த்துப் பேசுவாள். அவள் எது கேட்டாலும் “சாப்பிட்டேம்மா” என்பார். “குழந்தைக்குக் காய்ச்சல்ப்பா” என்றதற்கும் அதே பதில் வந்த அன்று அவளுக்குப் பொறுமை போயிற்று. காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிப் பிடித்தாள்: அமைப்புகளுக்குப் போங்க. ‘அணுகல்தன்மை’ன்னு இருக்கும். அதுல ‘நேரடி வசனம்’ போடுங்க. மைக்கையும் சேத்துக்குங்க.

போட்டார். திரைக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை வந்தது. தெரியுதாப்பா, என்று அதில் எழுத்து ஓடியது.

“தெரியுதும்மா. என்னமோ காகிதம் காட்டுறதுக்கு முன்னாடி சொன்னியே?”

குழந்தைக்குக் காய்ச்சல்ப்பா.

“இப்ப எப்படி இருக்கு?”

மகள் மூக்கை உறிஞ்சினாள். அதைப் பட்டை எழுதவில்லை.

பேசி முடித்த பிறகும் பட்டை போகவில்லை. பின்னால் கூடத்தில் மனைவியும் மகனும் பேசுவதும் அதில் வந்தது. ஃபோர்மேன் செய்தி படிப்பதுபோல முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

குளியலறைக் கதவு மறுபடி இழுக்குது.

எண்ணெய் விடும்மா.

விட்டேன். எண்ணெய்தான் போச்சு.

இதோ தன் பேச்சு வந்துவிடும் என்று காத்திருந்தார். சோப்பு சீக்கிரம் கரைவது வந்தது. பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடும் லட்சணம் வந்தது. மறுநாள் மாலையும் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். தலையணை உறை, மகனின் மேலாளர், மழை. அவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு நேர் மேலே, அவர்கள் பார்க்கும் திசையில், சுவர்க்கடிகாரம் இருந்தது.

பொறுக்க முடியாமல் நாற்காலியைத் திருப்பினார்.

“ஏன், என்னைப் பத்திப் பேச உங்களுக்கு ஒண்ணுமே கிடையாதா?”

மகன் திரையைப் பார்த்தான். விஷயம் விளங்கியதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். மனைவி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார்.

“உங்களைப் பத்திப் பேச என்ன இருக்கு? உங்ககிட்ட பேசத்தான்…”

“கத்தாம சொல்லு.”

“நான் கத்தல. ரொம்ப நாளா ஒரு விஷயம்…”

“எனக்குப் படிக்கத் தெரியும், மெதுவாவே சொல்லு.”

பட்டையில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. படித்துப் பார்த்தார். அவளுடைய வாக்கியம் ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை. குறுக்கே விழுந்ததெல்லாம் அவர் பேச்சு.

வாயை மூடிக்கொண்டார். “சொல்லு” என்று கையால் காட்டினார்.

சொன்னாள். தன் தம்பியோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது, முட்டி வலிக்கு டாக்டரிடம் தனியாகப் போய்வருவது, கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்குமே என்று விழுங்கியதெல்லாம். பட்டை ‘முட்டி வலி’யை ‘முட்டை வலி’ என்று எழுதியது. அவருக்கு ஏதோ வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

“அடுத்த தடவை நானும் வரேன்” என்றார் கடைசியில். “இதைத் தூக்கிட்டு வரேன்.”

“மேசையோடயா?”

மகனின் ஃபோனிலும் அதே வசதி இருந்தது. வியாழக்கிழமை அதை வாங்கிக்கொண்டு இருவரும் போனார்கள். டாக்டர் வேகமாகப் பேசுகிறவர், ஃபோன் திணறியது. கொஞ்சம் நிதானமாகச் சொல்லும்படி ஃபோர்மேன் கேட்டுக்கொண்டார். டாக்டர் பெருமூச்சு விட்டு முதலிலிருந்து சொன்னார்.

மனைவி எட்டி அந்த எழுத்தைப் படித்தாள்.

“ஓ, இவ்வளவு நாளா இதைத்தான் சொன்னாரா?” என்றாள்.