மொழிபெயர்ப்பாளர் மூலம் விளக்கப்பட்டது

ஆஸ்பத்திரி நான்காவது மாடியின் காத்திருப்புக் கூடத்தை ஒடீலியா ஃபுர்த்தாதோ பாதிதான் துடைத்திருந்தாள். 'ஈரத் தரை' என்ற மஞ்சள் பலகை நடுவில் நின்றது. எதிலும் ஒத்துப்போகாத டொராண்டோ ஜனங்கள், அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே கால் வைத்துப் போவதில் மட்டும் இன பேதம் பார்ப்பதில்லை. சுவரில் இருந்த திரையில் 'நம் நகரம்: உங்களுக்குத் தெரியுமா?' ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். நூற்றெண்பது மொழிகள். தரைக்கடியில் முப்பது கிலோமீட்டருக்கு நடைபாதை. பூட்டுப் போட்ட குப்பைத் தொட்டியையும் திறந்துவிடும் ரக்கூன் என்ற பிராணி வரும்போது மட்டும், மோசமான சேதிக்காகக் காத்திருப்பவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"ஒடீலியா! கைய கழுவிட்டு வா கண்ணு. ஒரே நிமிஷம்."

ஏழாம் அறை வாசலில் நர்ஸ் ரோவீனா நின்றாள். ரோவீனாவின் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது மாடி முழுக்கத் தெரியும். போன வாரம் ஒருத்தியின் பித்தப்பையை மொழிபெயர்த்துச் சொல்ல நாற்பது நிமிஷம் பிடித்தது.

"என் தரை காஞ்சிரும். சூப்பர்வைசர் வந்தா என்னைத்தான் கிழிப்பான்."

"அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன். வா, உங்க ஊர்க்காரர்."

போர்ச்சுகீஸ் மட்டுமல்ல, ஸ்பானிஷுக்கும் ஒடீலியாதான். பதினோரு வருடம் ஒரு இத்தாலியக் கிழவியின் வீட்டைப் பெருக்கியதில் ஒட்டிக்கொண்ட இத்தாலிய மொழியும் அவள் கணக்கில்தான். வியட்நாமியருக்கு வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டு கொடுக்கும் பெண். எரித்திரியாக்காரர்களுக்குச் சமையலறையில் தட்டு கழுவுகிற ஆள். தொலைபேசியில் முறையான மொழிபெயர்ப்பாளர் உண்டு. அதற்குப் படிவம் நிரப்ப வேண்டும், மணி அடித்துக் காத்திருக்க வேண்டும். மாப்போடு நிற்பவளுக்கு விரலை அசைத்தால் போதும். ஒன்பது வருடமாக அப்படித்தான்.

குவால்தெர் அர்ருதா தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. ஒடீலியா பிறந்த அதே போர்ச்சுகீஸ் தீவு. இந்த நகரத்து நடைபாதைகளுக்கு நாற்பது வருடம் கான்கிரீட் ஊற்றியவருக்கு ஆங்கிலத்தில் தெரிந்ததெல்லாம் கான்கிரீட்டும் வசவும்தான். மகள் லூசியா நகரத்துக்கு வெளியே ஓக்வில்லில் வீடு வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறாள். அதுவும் டண்டாஸ் தெரு பேக்கரிக்காகத்தான் என்று அந்தப் பேக்கரியிலேயே பேச்சு.

"நீ தச்சன் ஜெர்வாசியோ மகள்தானே புள்ள? அப்ப சரி. இந்தப் பையன்கிட்ட கேளு, மீசை முளைச்சிருச்சான்னு."

"என்ன சொல்றார்?" என்றார் டாக்டர் கெஸ்லர்.

"உங்களுக்கு வணக்கம் சொல்றாருங்க."

டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். பெருங்குடலில் புற்றுநோய். இப்போதைக்கு அங்கேயேதான் இருக்கிறது. வருகிற மே பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை அறுத்து எடுத்துவிடலாம், தள்ளிப்போட்டால் பரவும். புற்றுநோய் என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார்.

ஒடீலியா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. தீவில் அந்த வியாதியின் பெயரைப் படுத்திருப்பவரிடம் சொல்வதில்லை. சொந்தக்காரர்களை நிலைப்படிக்கு வெளியே கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அவளுடைய அம்மா எட்டு மாதம் படுத்துக் கிடந்தபோது பாதிரியாரிலிருந்து பால்காரன் வரை யாரும் அம்மாவின் காதுபட அதை உச்சரிக்கவில்லை. மனிதரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்கிறவளை என்னவென்று நினைப்பார்கள்?

"குடல்ல ஒரு கட்டி இருக்காம், சின்யோர் குவால்தெர். எடுத்துரணுமாம். பதினாறாம் தேதி."

"கட்டிதானே? பதினெட்டாம் தேதி சாந்து கிறிஸ்து திருவிழா புள்ள. பல்லக்குக்குத் தோள் குடுக்கணும். அப்புறம் வர்றேன்னு சொல்லு."

சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டினார். "முடியாது. இது ரொம்ப அவசியம்னு புரியவைங்க."

"சீக்கிரமே பண்ணிரணும்கிறார். லூசியாவைக் கூட்டிட்டு வாங்க, அவகிட்ட நான் பேசறேன்."

"அவளுக்கு எங்க நேரம்?" என்று குவால்தெர் தொப்பியைத் தலையில் வைத்தார்.

டாக்டர் இரண்டு வரி தட்டச்சு செய்தார். ஒடீலியா திரும்பி வந்தபோது தரை காய்ந்து, சேற்றுக்கால் தடங்களோடு கிடந்தது. மேற்பார்வையாளர் ஏற்கெனவே வந்து குறித்துக்கொண்டு போயிருந்தார்.

பதினெட்டாம் தேதி ஊர்வலத்தில் அவள் மெழுகுவர்த்தியோடு நடந்தாள். கணவன் எதுவீனோவும் வந்திருந்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த நாள்முதல் அவனுடைய முதுகுக்குத் திருவிழாவும் சீட்டாட்டமும் மட்டும்தான் ஒத்துக்கொள்கின்றன. வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் ஒடீலியாவுடையது. மாதா கோயில் திருப்பத்தில் பூக்களுக்கு நடுவே சாந்து கிறிஸ்துவின் பல்லக்கு வந்தது. முன் தண்டுக்குக் கீழே குவால்தெரின் தோள்.

"வெள்ளிக்கிழமை போனீங்களா?"

"வயித்தைக் கிழிச்சுக்கிட்டு இந்தப் பாரத்தைத் தூக்க முடியுமா? முப்பத்தொரு வருஷமாத் தூக்கறேன். கட்டி எங்க ஓடிரப்போகுது? அந்தப் பையனும் அதுக்குள்ள கொஞ்சம் மீசை வளர்த்துக்கட்டும்."

பக்கத்துத் தோள்களெல்லாம் சிரித்தன. பல்லக்கு லேசாக ஆடியது. ஒடீலியா வாய் திறந்தாள். பாண்டு வாத்தியம் தொடங்கியது. எதிர் நடைபாதையில் லூசியா தகப்பனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒடீலியா அவளை நோக்கி நாலு எட்டு வைத்தாள். லூசியாவின் இரு பக்கமும் மாமியாரும் மாமியாரின் தங்கையும் நின்றிருந்தார்கள். அந்த மாமியாரின் காதில் விழுந்தால் மாலைக்குள் பக்கத்து ஊர் பிராம்ப்டன் வரை போய்விடும். மெழுகு வழிந்து கையைச் சுட்டது. அடுத்த ஞாயிறு தனியாகப் பிடித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றுவிட்டாள். அடுத்த மூன்று ஞாயிறும் லூசியா வரவில்லை.

மருத்துவமனையிலிருந்து குவால்தெருக்கு இரண்டு கடிதம் போயிற்று. இரண்டும் ஆங்கிலத்தில்.

ஜூலையில் அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். குடல் அடைத்திருந்தது. ஈரல் வரை பரவியிருந்தது. காத்திருப்புக் கூடத்தில் நின்று லூசியா கத்தினாள்: "எங்கப்பாகிட்ட இது என்ன வியாதின்னு ஒருத்தர்கூடவா சொல்லல?"

அவருடைய மருத்துவக் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். 'மொழிபெயர்ப்பாளர் மூலம் விளக்கப்பட்டது. நோயாளி புரிந்துகொண்டார்' என்று இருந்தது. மொழிபெயர்ப்பாளரின் பெயர் இல்லை. அந்தப் பெண்ணை மொழிபெயர்ப்புப் பிரிவு அனுப்பியதாக நினைத்தேன் என்றார் டாக்டர் கெஸ்லர். அன்றைக்கு ஒடீலியா முதுகில் 'துப்புரவு' என்று எழுதிய நீலச் சட்டையும், பையில் பாதி துருத்திக்கொண்டிருந்த ரப்பர் கையுறையுமாக நின்றிருந்தாள். ரோவீனாவுக்கு மூன்று பிள்ளைகள். யார் கூப்பிட்டார்கள் என்று நினைவில்லை என எழுதிக் கொடுத்தாள். அன்று மதியம் ஒடீலியாவின் அலமாரிக்கு முன்னால் ஒரு டப்பா ரோவீனா வீட்டுச் சேமியா, எலுமிச்சைத் துண்டோடு, இன்னும் சூடாக இருந்தது. ஒடீலியா அதை நின்றபடியே தின்று தீர்த்து, டப்பாவைக் கழுவி வைத்தாள்.

மறு வாரம் பணியாளர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கால்டர் என்ற அதிகாரி எழுந்து கை குலுக்கினாள். மேசை நடுவில் ஒரு தொலைபேசி, ஒலிபெருக்கி போட்டபடி.

"உங்க தாய்மொழி போர்ச்சுகீஸ்னு பதிவுல இருக்கு. லைன்ல மொழிபெயர்ப்பாளர் இருக்கார்."

"வேண்டாம் மேடம். எனக்கு இங்கிலீஷ் புரியும்."

"விதிமுறை அதுதான். இந்த மாதிரி விஷயத்தை அதுக்குன்னு படிச்சவங்க மூலமாத்தான் சொல்லணும்."

தொலைபேசியிலிருந்து பிரேசில் இழுவையோடு ஓர் இளைஞனின் குரல் வணக்கம் சொன்னது. அவன் வீட்டில் நாய் குரைத்தது. கால்டர் ஒரு தாளைப் பார்த்து நாலைந்து சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். ஒடீலியாவுக்கு எல்லாம் இரண்டு முறை விழுந்தது, முதலில் ஆங்கிலத்தில், பிறகு போர்ச்சுகீஸில். பணி வரம்பை மீறி. நோயாளிக்கு மருத்துவத் தகவல் அளித்ததால். இன்றுடன் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். அவன் ஒரு சொல்லையும் விடவில்லை.

"மேடம், நானாப் போகல..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள் ஒடீலியா.

"தயவுசெஞ்சு உங்க மொழியிலேயே சொல்லுங்க. அவர் மாத்திச் சொல்வார்."

ஒடீலியா தன் மொழியில் சொன்னாள். ஒன்பது வருடம், எத்தனை அறை, எந்தெந்த டாக்டர், பிரசவ அறையில் விடிய விடிய ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது, அதனால் காய்ந்த தரைக்கு வாங்கிய மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தன்னால் முடியவில்லை என்பதையும் சொன்னாள். முதல் தடவையாக அந்த வியாதியின் பெயரைச் சொல்லியே சொன்னாள்.

தொலைபேசி கொஞ்சம் யோசித்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னது: "கூப்பிட்டதால் போனதாகவும், வருந்துவதாகவும் சொல்கிறார்."

அதைத் திருத்தலாமா என்று ஒடீலியா பார்த்தாள். கால்டர் அதற்குள் அதை எழுதி முடித்திருந்தாள். கையெழுத்துக்குத் தாள் வந்தது. ஒடீலியா போட்டாள்.

"அவ்வளவுதான். நன்றி," என்றாள் கால்டர் தொலைபேசியிடம்.

தினமும் ஆஸ்பத்திரிகளுக்கே பேசிப் பழகிய அந்தக் குரல், கனிவாக ஏதோ சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொண்டது.

"கடைசியா என்ன சொன்னார்?"

"உடம்பு சீக்கிரம் குணமாகட்டும்னு சொல்றார் மேடம்."

"ஓ," என்றாள் கால்டர். பிறகு அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினாள்.