கோப்பையில் அச்சான மாப்பிள்ளை

இங்கிலாந்தில் பீங்கானுக்குப் பேர்போன ஸ்டோக் ஊரில் பிறந்த எனக்கு, ராஜ குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் கை அரிக்கும். மணமக்கள் படம் போட்ட கோப்பை, தட்டு, பிஸ்கட் டப்பா என்று முப்பது வருஷமாக வாங்கிக் குவித்திருக்கிறேன். எந்த இளவரசனுக்கு எந்தப் பக்கம் வகிடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கோப்பைகளில் ஒன்றில்கூட யாரும் தேநீர் குடித்ததில்லை. என் கணவர் நார்மனுக்கு, காது உடைந்த ஒரு பழைய குவளைதான்.

என் மகள் டாம்சினுக்கும் வேல்ஸ்காரன் இட்ரிஸுக்கும் கல்யாணம் நிச்சயமானதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் கோப்பை போட்டால் என்ன? யாரிடமும் மூச்சு விடவில்லை. டாம்சின் அனுப்பியிருந்த நிச்சயதார்த்தப் படங்களைப் புரட்டினேன். இட்ரிஸுக்குப் புதர் மாதிரித் தாடி, பீங்கானில் எடுபடாது. நல்லவேளையாக, ஒரு படத்தில் மட்டும் மழமழவென்று சவரம் செய்து, கோட்டு சூட்டோடு டாம்சின் பக்கத்தில் நின்றான். தாடி போனால் மருமகன் இத்தனை லட்சணமா என்று பூரித்துப்போய், அந்தப் படத்தையே கொடுத்து அறுபது கோப்பைகள் செய்யச் சொன்னேன். சுற்றிலும் தங்க விளிம்பு வேறு.

விருந்தில் ஆளுக்கொன்றாக நானே கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா மாயர், கோப்பையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இது எங்க எம்லின் ஆச்சே?"

"இல்லீங்க, மாப்பிள்ளைதான். தாடி இல்லாததால உங்களுக்கு அடையாளம் தெரியல," என்றேன். சொன்னது யாரிடம்? அவனைப் பெற்றவளிடம்.

"ஏங்க, நான் பெத்ததுல எது எதுன்னு எனக்குத் தெரியாதா? இது சின்னவன்!"

சின்னவன் எம்லின் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தான். மழமழ முகம், அதே கோட்டு. கோப்பையைப் பார்த்தான்.

"எனக்கே தெரியாம எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டீங்களே, அத்தை!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. டாம்சின் மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா! அரண்மனை நாய்க்குட்டிக்குக்கூடப் பேர் சொல்லுவியே. என் புருஷன் மூஞ்சி தெரியலையா உனக்கு?"

கோப்பைகளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பெட்டியில் போட ஆரம்பித்தேன். இட்ரிஸ் வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க, அத்தை? கீழ வைங்க."

யாரிடமோ ஒரு மார்க்கர் பேனா வாங்கி, ஒரு கோப்பையிலிருந்த தம்பியின் தாடையில் கறுகறுவென்று தாடி வரைந்தான். "இப்ப நான்தான், பாருங்க."

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கோப்பையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒரு பெரியவர் கூடவே தொப்பியும் கேட்டார். டாம்சினே கடைசியில் ஒரு பேனாவை வாங்கிக்கொண்டு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தாள். வரையும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரிப்பு. நார்மன் என் கண்ணெதிரிலேயே ஒன்றில் தேநீர் ஊற்றிக் குடித்தார். தடுக்க எனக்கு வாய் ஏது?

மறுநாள் மிச்சமிருந்த ஒன்றை, அலமாரியில் வைக்குமுன் வழக்கப்படி வெந்நீரில் கழுவினேன். தாடி கரைந்து தொட்டியில் ஓடிவிட்டது.

"நார்மன்! மறுபடியும் எம்லின் வந்துட்டான்!"

"வந்தா உள்ள வெச்சுப் பூட்டு," என்றார் அவர், செய்தித்தாளை இறக்காமலே. "அவனும் நம்ம சொந்தந்தானே."