வெளியேறும் பாட்டை வெட்டிய நாடகம்

கொரிந்து வளைகுடாக் கரையிலுள்ள எங்கள் ஊரில், ஒரு ஜூலைச் சனிக்கிழமை நாடகம் முடிந்த பிறகு, கோரஸாகச் சேர்ந்து பாடும் பெண்கள் பன்னிரண்டு பேராலும் மேடை வட்டத்துக்கு வெளியே கால் வைக்க முடியவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உலர்திராட்சைக் கிடங்கு ஒன்று மூடப்படுவதைப் பழைய கிரேக்கத் துன்பியல் நாடக முறையில் எழுதிய பள்ளித் தலைமையாசிரியர் த்ராசிவுலோஸ், கோரஸ் பாடிக்கொண்டே வெளியேற வேண்டிய கடைசிப் பாட்டை வெட்டிவிட்டார். "இந்தக் காலத்துல எவ பாடிக்கிட்டே வீட்டுக்குப் போறா?" என்பது அவர் கேள்வி. பிறகு மூன்று பாட்டுகள் எழுதிக் கொடுத்தார். பெண்கள் பாடினார்கள், கால் நகரவில்லை. "பாட்டுல ஒண்ணுமில்ல வாத்தியாரே," என்றார்கள் ஒரே குரலில். "இந்த மாதிரி நாடகத்துல கடைசியில யாராவது தன் தப்பை உணரணும். உங்க கிடங்கு முதலாளி உணரல. நீங்களாவது சொல்லிருங்க." முப்பத்தோரு வருட வேலையில் அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை. வீட்டுக்குப் போய்விட்டார்.

ஊர் பழகிக்கொண்டது. அரங்கத்துக்கே ரொட்டி போயிற்று, தபால் போயிற்று, மக்கள்தொகைக் கணக்கில் அரங்கம் பன்னிரண்டு பேர் உள்ள வீடாகப் பதிவாயிற்று. சிரமம் ஃபனிக்குத்தான். அவள் மகளுக்கு ஞானத்தாயாக நிற்பதாக வாக்களித்திருந்த அக்கா பொலிக்ஸேனி அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. தேவாலயத்துக்கு வெளியே ஞானஸ்நானம் கொடுக்க பிஷப் சம்மதிக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குப் பெயரும் கிடையாது. "வேற யாரையாவது வச்சு முடிச்சிருடி," என்றாள் அக்கா. மற்ற பதினொரு பேரும் கூடவே சொன்னார்கள். "நீ சும்மா இரு அக்கா. நீங்களுந்தான்," என்றாள் ஃபனி. நான்கு வயது வரை பிள்ளை வெறும் பாப்பாவாகவே இருந்தது.

அந்த செப்டம்பரில் ஃபனி பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாள். தலைமையாசிரியர் பதிவேட்டைத் திறந்தார்.

"பேரு?"

"பாப்பா."

"அப்படி எழுத முடியாதும்மா."

"அப்ப எழுதாதீங்க."

பதிவேட்டில் ஒரு கட்டத்தையும் அவர் அதுவரை காலியாக விட்டதில்லை. பேனாவை மூடினார். பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அரங்கத்துக்கு நடந்தார். வட்டத்தின் நடுவில் நின்று, "பாட்டை வெட்டினது என் தப்பு," என்றார்.

பெண்கள் சற்று யோசித்தார்கள். பிறகு எல்லோரும் இடது காலை எடுத்து வெளியே வைத்தார்கள். நாடக உடையிலேயே, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார்கள். பாதிரியார் பெயர் கேட்டபோது, ஞானத்தாய் மட்டும் சொல்ல வேண்டியதைப் பன்னிரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்: தெஸ்பினா. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானத்தாய் என்ற இடத்தில் பாதிரியார் பன்னிரண்டு பெயர்களையும் எழுதினார். இடம் போதாததால் கடைசி இரண்டை ஓரத்தில் நெடுக்குவாட்டில் எழுதினார்.