வளன் மாற்றிய இன்ஜின்

ரேடியேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ் கேட்டு, உதிரிபாகக் கடைக்கு ஏஞ்சலின் வந்தபோது, கடைக்காரர் லிங்கராஜ் அண்ணாச்சி வழக்கம்போல், "வளன் வரலியாம்மா?" என்றார்.

"அவுக இறந்துட்டாக அண்ணாச்சி. கப்பல்ல வேலை பாக்கையிலயே நெஞ்சுவலி."

தன் அப்பாவின் பழைய அம்பாசடரில் ஒரு வேனின் டீசல் இன்ஜினைப் பொருத்திவிட்டு, ஹோஸை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று கப்பலேறியவன் அவள் கணவன் வளன்.

"வண்டிய விக்கப் போறியளா?"

"இல்ல. ஒரு தடவையாவது ஓடணும். அவுக அவ்வளவு ஆசப்பட்டாக."

ஹோஸின் வளைவுக்கு வளைத்த ஒரு கம்பியும், இரண்டு வாய்களின் சுற்றளவுக்கு வெட்டிய நூலும் அவள் கொண்டுவந்திருந்தாள். அம்பாசடர் ஹோஸ் இன்ஜின் பக்கம் தொளதொளத்தது. வேன் ஹோஸ் ரேடியேட்டரில் ஏறாது. அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கம்பியோடு வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு டிராக்டர் ஹோஸ் அமைந்தது. ஒரு வாய் பெரிது, ஒரு வாய் சிறிது. நுனியை அளவாக வெட்டிக் கொடுத்தார்.

"ஃபேன்ல உரசாமப் பாத்துக்கிடும்மா."

மில்லர்புரம் வீட்டு வாசலில் அவளே கிளிப்புகளை முறுக்கினாள்; தண்ணீர் ஊற்றிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமி ஓடத் தொடங்கியது. ஹோஸில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

"ஏங்க, ஓடுது பாருங்க" என்று வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டாள்.

அடக்கத்தன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது. பக்கத்து வீட்டுக் கிளாடிஸ் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இன்ஜினை நிறுத்த இருவருக்குமே மனம் வரவில்லை.