சுற்றளவு

அல் ஐன் நகரத்துத் தொழிற்பேட்டையான சனையாவில், கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையின் வெட்டுமேசைமேல், கொடுத்தனுப்பிய முப்பது கறுப்பு உறைகளும் திரும்பி வந்து கிடந்தன. ஒன்றில்கூடச் சாமான் நுழையவில்லை என்றார் கௌஸ் முகைதீன், கோளாறு தைத்தவனிடம்தான் என்பதுபோல.

தைத்த வீரபாண்டி உறைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். கௌஸ் பாய் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம் ஒன்றில் ஸ்டோர் கீப்பர். மூன்று வாரத்துக்கு முன்பு, கேட்லாக்கில் கிழித்த தாளோடு வந்து, இந்தச் சின்னத் துப்பாக்கிக்கு உறை வேண்டும் என்றார். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா, முப்பது கொள்ளும், அழுத்தினால் ஒன்றுதான் போகும், அடுத்தது தானாக வந்து நிற்கும், தோள்கட்டையை மடக்கிக்கொள்ளலாம் என்று பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளையைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். தோட்டா எத்தனை மில்லி என்று தெரிந்து தையற்காரன் என்ன செய்ய? சாமானைக் கொண்டுவாருங்கள் என்றான். அது கூடத்தைத் தாண்டக் கூடாதாம். நான் வருகிறேன் என்றான். பாஸ் இல்லாமல் விடமாட்டார்களாம். நீளமும் உயரமும்தான் தாளில் இருக்கிறதே, படத்தைப் பார்த்துத் தை என்று முடித்துவிட்டார் கடை மானேஜர் ஸ்ரீனிவாசன்.

இன்று புதன். நாளை மாலை ஊருக்கு ஃபிளைட். வெள்ளிக்கிழமை தங்கை ஜோதிமணியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். வீரபாண்டியின் பாஸ்போர்ட்டோ ஸ்ரீனிவாசனின் டிராயரில். உறையை முடி, எடுத்துக்கொள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மனுசனுக்குப் போட்டோவப் பாத்துச் சட்டை தச்சா, வயிறு எங்க பாய் போகும்?"

இருபது நாளாகக் கிடைக்காத பாஸ் பதினோரு மணிக்குக் கிடைத்தது. கூடத்தில் சூடானியப் பயிற்சியாளர் தோட்டாக்கூட்டைக் கழற்றி, உள்ளே ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் காட்டி, துப்பாக்கியை மேசையில் வைத்தார். பத்து நிமிடம், யல்லா, சீக்கிரம் என்றார். ஒரு கை நீளம்கூட இல்லை. இதற்கா இத்தனை பாடு என்றிருந்தது. மடக்கிய தோள்கட்டை இடப்பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது. தாளில் இருந்தது வலப்பக்கப் படம். டேப்பைச் சுற்றிப் பிடித்தான். பதினான்கு அங்குலம். உறையின் சுற்றளவு பதினொன்று.

"தெனம் தொடச்சு வைக்கிறீங்கள்ல பாய், பக்கத்துல புடைக்கும்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தோட்டா எத்தனை மில்லின்னுகூடச் சொன்னேனேப்பா" என்றார் பாய், மனம் நொந்து.

கடைக்கு வந்து, முதல் உறையின் பக்கத்தையலைப் பிளேடால் பிரித்தான். முப்பதுக்கும் மூன்று அங்குலப் பட்டை கொடுக்க வேண்டும். மூன்றாவதை மெஷினில் கொடுத்தபோது ஃபோன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"பொட்டி கட்டிட்டியாண்ணே? ஆசாரிக்குச் சொல்லிட்டோம், பந்தல் போட்டாச்சு."

கட்டியாச்சு என்றான். இவளும் பேசணுங்கிறா என்று ஜோதிமணி ஃபோனை மகளிடம் கொடுத்தாள்.

"மாமா, வலிக்குமா?"

மிதியிலிருந்த கால் நின்றது. தடித்த துணிக்குள் பாதி இறங்கிய ஊசி, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் அப்படியே நின்றது.