தளபதி வைக்காத புள்ளி

அந்தப் படத்தைத் தானாகப் பார்த்தாரா, சம்பந்தியம்மாள் காட்டித்தான் பார்த்தாரா என்பது பெரியவருக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே வீடெல்லாம் தேடுகிற வயது. அன்று மழையா வெயிலா என்றுகூட அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் புள்ளியைப் பார்த்தது நிச்சயம்.

மகன் கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம், மருமகளின் தாய்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சுவரில் போர்க்காலத் தளபதியின் படம். மார்பு நிறையப் பதக்கங்கள், கீழே கையெழுத்து. முப்பது வருட வெளிச்சத்தில் மை வெளிறி, தலையும் வாலும் மட்டும் மிச்சம். அதனடியில் ஒரு புள்ளி. தளபதி தன் கையெழுத்துக்குப் புள்ளி வைத்ததே கிடையாது. வைத்தவர் இவர்.

போர் முடிந்த சமயம் அவர் தளபதியின் அலுவலகத்தில் குமாஸ்தா. இறந்துபோன சிப்பாய்களின் வீடுகளுக்குக் கையெழுத்திட்ட படம் போகவேண்டும், தளபதிக்கு நேரமில்லை. மேலதிகாரி அந்தக் கையெழுத்தை ஒரு வாரம் போட்டுப் பழகச் சொன்னார். எட்டாம் நாள், எது தன்னுடையது என்று தளபதிக்கே தெரியவில்லை. கோப்பு எழுதி முடித்ததும் புள்ளி வைக்கும் பழக்கம் மட்டும் பிறகு எப்படியோ அதிலும் ஒட்டிக்கொண்டது.

"எங்க வீட்டுக்காரர் சண்டையில போன மூணாம் மாசம் வந்துது," என்றாள் சம்பந்தியம்மாள். "எத்தனை ஆயிரம் பேர் செத்தாங்க! அதுல எங்க வீட்டையும் நெனச்சு, தளபதி தன் கையால கையெழுத்து போட்டு அனுப்பினாரே. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தாண்ணா இவளை வளர்த்தேன்."

"மங்கிப்போச்சேன்னு தினம் புலம்புறியே, மாமாகிட்ட குடும்மா," என்றாள் மருமகள். "டாக்டர் சீட்டையே மாமா திருப்பி எழுதினாத்தான் மருந்துக்கடைக்காரருக்குப் புரியுது." சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

"கோட்டு மேலயே லேசா தொட்டுவிடுங்கண்ணா, போதும்."

மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். கை தடுமாற வேண்டும், முன்பின் தெரியாதவன்போல் கோட்டைத் தேடித் தேடிப் போகவேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பேனாவை வைத்தார். கை கேட்கவில்லை. ஒரே இழுப்பு. கோடே அழிந்துபோயிருந்த இடத்திலும் எழுத்து வளைந்து ஓடி முடிந்தது. பழக்கதோஷத்தில் புள்ளியும் விழுந்தது.

சம்பந்தியம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"எத்தனை போட்டீங்க?"

"ஒரு நாளைக்கு இருநூறு."

"அவரு ஒண்ணாவது..."

"இல்லைம்மா."

அவள் வெறும் சட்டத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"பேராவது பாப்பீங்களா?"

"பட்டியல் பக்கத்துலயே இருக்கும். ஒவ்வொரு பேரா வாய்விட்டுப் படிச்சுட்டுத்தான் போடுவேன். யாரும் சொல்லலை. மொட்டையா போட மனசு வரலை."

"எங்க வீட்டுக்காரர் பேரைப் படிச்சது ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்திருந்த பெயர். சொன்னால் அந்த அம்மாளுக்கு ஏதோ ஒன்று மிஞ்சும்.

"இல்லைம்மா," என்றார்.

அவள் குனிந்து, ஈர மையின்மேல் மெல்ல ஊதினாள்.

"இப்ப ஒருதரம் சொல்லுங்கண்ணா."

அவர் சொன்னார். பாதிப் பெயர்தான் வெளியே வந்தது. செருமிக்கொண்டு முழுதாக மறுபடி சொன்னார்.

இதெல்லாம் நடப்பதற்கு முன்பே தளபதி பேரும் புகழுமாகப் போய்ச்சேர்ந்திருந்தார். மகனிடமும் மருமகளிடமும் இருவரும் எதையும் சொல்லவில்லை. மறுவருடம் சம்பந்தியம்மாள் தனியாக இருக்கவேண்டாமென்று மகள் வீட்டோடு வந்துவிட்டாள். படத்தைக் கொண்டுவரவில்லை, என்ன செய்தாள் என்று பெரியவர் கேட்டதுமில்லை. காலையில் இருவரும் நாளிதழை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இறந்தவர்கள் பக்கம் அவரிடம் வந்தால், அவர் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்கிறார். அவள் கையிலிருக்கும் பக்கத்தை மடித்துவிட்டுக் கேட்கிறாள்.