பதினேழாம் எண் பேருந்தின் இடுப்பு

எங்கள் ஊரில் பாத்திரக்கடைத் தெரு வழியாகப் போகும் பேருந்துகள் கார்செட் என்னும் இடுப்புக்கச்சை அணிகின்றன. கடைகள் ஆண்டுக்கு ஓர் அடி முன்னே வருகின்றன. அவற்றைப் பின்னே தள்ளுவதைவிடப் பேருந்தின் இடுப்பை இறுக்குவது சுலபம் என்று நகராட்சி தீர்மானித்தது.

முதல் கார்செட் கஞ்சி போட்ட கித்தானில் தைக்கப்பட்டது. ஒரே மழையில் தொய்ந்துபோனது. அடுத்ததில் திமிங்கலத்தின் வாய்த்தகடுகளைச் செருகினார்கள். வண்டி கடற்கரைச் சாலையை விட்டு வர மறுத்தது. இப்போது உருக்குப் பட்டைகள். முன்விளக்குகளுக்குக் கீழே கொக்கிகள், பின்பக்கத்தில் இருபது ஜோடிக் கண்ணிகள், அவற்றுக்குள் குறுக்கும் மறுக்குமாக ஒரே கயிறு. தெருமுனையில் நடத்துநர் இறங்கி, வண்டியின் முதுகில் காலை ஊன்றி இழுப்பார். இழுத்தபடியே பின்னால் நடந்து வருவார்.

அன்று இழுத்தவர் சவரிராயன். நான் வண்டியின் இடுப்பில் உட்கார்ந்திருந்தேன். இடம் சுருங்கியதால் என் மடியில் மோட்டார் மெக்கானிக் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். நாற்பத்து நான்கு வயது, பட்டு வேட்டி. பத்தரைக்குள் தாலி கட்டாவிட்டால் இந்தப் பிறவியில் கல்யாணம் இல்லை என்று ஜோசியர் சொல்லியிருந்தார். மண்டபம் தெருவின் மறுமுனையில்.

"மூச்சை விடுங்க! காலையில பொங்கல் சாப்பிட்டவங்க ரெண்டு தடவை விடுங்க!" என்று கத்தினார் சவரிராயன்.

"என்னைப் பாத்துக்கிட்டு ஏன்யா சொல்ற?" என்றார் கீரைக்காரப் பாப்பம்மாள்.

"பொதுவாத்தான் சொன்னேன்கா."

பத்து இருபதுக்குக் கயிறு அறுந்தது. வண்டி பெருமூச்சுவிட்டு இரு பக்கமும் உப்பியது. கதவுகளை அண்டாக்கள் அடைத்துக்கொண்டன. பின் சன்னலில் கை மட்டும் நுழையும்.

"வேற கயிறு டிப்போவுலதான் இருக்கு," என்றார் சவரிராயன்.

பாப்பம்மாள் தணிகாசலத்தைப் பார்த்தார். "மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு இருக்குமே."

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து தாலிக் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னிருக்கைக்குப் போனார். வெளியே சவரிராயன் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க, சன்னல் வழியே கைகளை நீட்டி ஒரு முடிச்சுப் போட்டார்.

"தள்ளுங்க, மத்த ரெண்டும் நாத்தனார் போடணும்," என்று பாப்பம்மாள் முடித்துவைத்தார். இடுப்பு இறுகியது. யாரோ குலவையிட்டார்கள். மணி பத்து இருபத்தெட்டு.

மண்டப வாசலில் மணப்பெண் சுகந்தி நின்றிருந்தார். வண்டியை முன்னிருந்து பின்வரை பார்த்தார்.

"மூணு முடிச்சும் விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா," என்றார் பாப்பம்மாள்.

"அப்ப சரி. இலை போட்டாச்சு, எல்லாரும் சாப்பிட்டுப் போங்க."

பந்தி நடக்கும்போது பணிமனை மேலாளர் வந்தார். பேருந்துக்குப் பெண் வீட்டார் அவர்தான். "தனிக்குடித்தனமெல்லாம் அனுப்ப மாட்டோம். மாப்பிள்ளை எங்களோடதான் இருக்கணும்," என்றார். தணிகாசலம் பாயசத்தை முடித்துவிட்டுச் சம்மதித்தார்.

மாலையில், நல்ல நேரம் பார்த்து, வண்டியோடு சேர்த்து அவருக்கும் நூறு லிட்டர் டீசல் போட்டார்கள்.